காட்டேரிக்குக் குரல் கொடுத்தவள்

பிரகதீஸ்வரியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவள் குரலைக் கேட்டுவிட்டேன். கீரனூரில் இருந்து திருச்சி போகும் எட்டுப்பத்து பஸ்ஸில் ஒருநாள் எனக்குப் பின்சீட்டில் இருந்து, "அண்ணே, படியில தொங்குறவங்கள உள்ள ஏறச் சொல்லுங்க, அப்புறம் விசில் அடிங்க" என்று ஒரு சத்தம் வந்தது. கண்டக்டர் கையில் இருந்த விசிலை இறக்கிவிட்டார். ஏதோ ஆறடி ஆள் என்று திரும்பினால், ஒல்லியாக ஒரு பெண், மடியில் டிபன் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் குரலுக்கு அந்த உடம்பு காணாது. எனக்கு அதட்டிப் பேசுகிறவர்களைப் பிடிக்கும், நானும் அந்த ரகம்தான். அன்றைக்கே சிநேகமாகிவிட்டோம்.

என் பெயர் செல்வராணி. திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில் டெக்னீஷியன். பதினாறு வருடமாக ஊசியும் டியூபும்தான் பிழைப்பு. ரத்தத்தைப் பார்த்து நான் பயந்ததில்லை, பேய் பிசாசுக்கும் பயந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவேன், அதோடு சரி. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் இனி சொல்லப்போவதெல்லாம் பயத்தைப் பற்றித்தான்.

பிரகதி பிறந்தது அன்னவாசல் பக்கம். பள்ளிக்கூட நாடகங்களில் அவளுக்கு ஒரு வருடம்கூட ராணி வேஷம் கொடுக்கவில்லை. குரல் கட்டை என்று மீசை ஒட்டி ராஜாவாக்கிவிடுவார்களாம். பி.காம். முடித்ததும் கீரனூரை ஒட்டிய கிராமத்தில் ஆத்மநாதனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவர் விராலிமலைப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்ப்பவர், நல்ல மனுஷன், ஆனால் வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் தூங்குவார். பிரகதி திருச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் மைக்கில் பேசுகிற வேலைக்குச் சேர்ந்தாள். 'இரண்டாவது மாடியில் குழந்தையைத் தவறவிட்டவர்கள்' என்று அவள் அறிவித்தால் தவறவிடாதவர்களும் பதறிப்போய்ப் பிள்ளையைத் தேடுவார்கள். அங்கே துணி எடுக்க வந்த ஜெபக்குமார் என்பவர்தான் அவளை டப்பிங்குக்கு அழைத்துப் போனார். இங்கிலீஷ் படங்களைத் தமிழில் பேசவைக்கிற சின்ன ஸ்டுடியோ அவருடையது.

முதலில் ஒரு கார்ட்டூனில் கரடிக்குட்டியின் அம்மா. அப்புறம் போலீஸ் அதிகாரி, விண்கலத்தின் கம்ப்யூட்டர். மூன்றாவது வருடம்தான் அவளுக்கு ஒரு ராணி கிடைத்தாள்.

படம் இதுதான். பனி கொட்டுகிற ஏதோ ஒரு தேசம். ரத்தம் குடிக்கிற கூட்டம் ஒன்று கோட்டையில் இருக்கிறது. கறுப்புத் தோல் அங்கி, இரண்டு கையிலும் துப்பாக்கி. ஓநாயாக மாறுகிற கூட்டம் இன்னொன்று சுரங்கத்தில் இருக்கிறது. அவர்கள் உடம்பில் சட்டை தங்குவதே இல்லை. இரண்டு பேருக்கும் அறுநூறு வருடமாகச் சண்டை. எதற்கு என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. எங்கள் பக்கத்துப் பங்காளித் தகராறுதான், வாய்தா மட்டும் கிடையாது. அந்த ரத்தம் குடிக்கிற கூட்டத்துக்கு ஒரு ராணி. பிரகதி அவளுக்குக் குரல் கொடுத்தாள். படம் செல்போனில் வந்தபோது நானும் பஸ்ஸில் வைத்துப் பார்த்தேன். வாயசைவுக்கு அச்சாகப் பொருந்தியிருந்தது. அந்த வெள்ளைக்காரி அன்னவாசலில் பிறந்து எங்கேயோ தப்பிப் போனவள் மாதிரி இருந்தாள்.

வினை அந்தப் படத்தில் இல்லை, அதன் தமிழில் இருந்தது. தமிழில் அவளுக்கு 'ரத்தக்காட்டேரிகளின் ராணி' என்று பெயர்.

பிரகதி வாழ்க்கைப்பட்ட வீட்டில் காட்டேரி என்பது சினிமாப் பெயர் இல்லை. தலைமுறை தலைமுறையாகப் படையல் போட்டு, பயந்து, கும்பிட்டு வருகிறவள். கருவில் இருக்கிற பிள்ளையின் ரத்தத்தைக் கேட்டு வருவாளாம். அதனால் பிள்ளை உண்டான பெண்ணுக்கு ஏழாம் மாதம் வயல் ஓரத்தில் அவளுக்கு ஒரு பூசை போடுவார்கள். அந்தப் பூசை முடிகிற வரைக்கும் பிள்ளைத்தாச்சி வாயால் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. சொன்னால் கூப்பிட்டதாக எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

அந்த முதல் படத்துக்கு அவள் குரல் கொடுத்தபோது மூன்று மாதம். தெரிந்தேதான் கொடுத்தாள், அப்போது அவளுக்கு நம்பிக்கை இல்லை. டப்பிங் முடிந்த இரண்டாவது வாரம் கரு கலைந்தது. அதற்கு முன்பே, ஜவுளிக்கடை வேலையில் இருந்த காலத்திலேயே, ஒன்று கலைந்திருந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் துக்கத்தில் யார் கணக்குச் சரியாகப் பார்க்கிறார்கள்? மாமியார் சொர்ணம் வாசல்படியில் உட்கார்ந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்." அந்த வார்த்தை பிரகதிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

மூன்று வருடம் கழித்து, போன வருடம் சித்திரையில் பிரகதிக்கு மறுபடி நாள் தள்ளிப்போனது. நாலு மாதம் நல்லபடியாகத் தாண்டியது. ஐந்தாவது மாதத்தில் ஜெபக்குமார் போன் செய்தார். படத்துக்கு இரண்டாம் பாகம் வந்துவிட்டதாம். அதே ராணி, அதே குரல் வேண்டுமாம்.

"முடியாதுன்னு சொல்லிட்டியா?" என்றேன் பஸ்ஸில்.

"சரின்னுட்டேங்க்கா."

"கிறுக்குப் புடிச்சிருக்கா ஒனக்கு?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நான் இல்லாட்டி வேற யாராச்சும் பேசுவாங்க. என் ராணிய இன்னொருத்தி பேசுறத என்னால கேட்டுக்கிட்டு இருக்க முடியாதுக்கா. எல்லா எடத்துலயும் என் சத்தத்தக் கொறைக்கத்தான் சொல்லியிருக்காங்க. அந்த ஒரு எடத்துலதான் இன்னும் சத்தமாங்குறாங்க."

எனக்குக் கோபம் வந்தது. வீட்டில் கரடிப் படம்தான் என்று சொல்லியிருக்கிறாள். ஸ்டுடியோவில் மட்டும் உண்மையைச் சொன்னாள். ஜெபக்குமார் நல்லவர். ராணியின் வசனத்தில் அந்தப் பெயர் வருகிற இடமெல்லாம் 'எங்கள் குலம்' என்றும் 'எங்கள் வம்சம்' என்றும் மாற்றி எழுதிக் கொடுத்தார். ஓநாய்கள் அந்தப் பெயரைச் சொல்லட்டும், அது ஓநாய்களின் பாடு.

ஆனால் கதை இன்னும் மோசமாக இருந்தது. இரண்டாம் பாகத்தில் அந்த இரண்டு கூட்டத்துக்கும் பொதுவாக ஒரு குழந்தை உண்டாகிறது, தாய் ஓநாய்க் கூட்டம், தகப்பன் ராணியின் கூட்டம். அந்தக் குழந்தையின் ரத்தத்துக்காகத்தான் படம் முழுக்கச் சண்டை. 'அது பிறக்கும் முன்பே எனக்குச் சொந்தம்' என்று ராணி கர்ஜிக்க வேண்டும். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு பிரகதி இதை ஒத்திகை பார்த்தாள். வீட்டுக் குளியலறையில், குழாயைத் திறந்துவிட்டு.

குழாய்ச் சத்தம் எந்த மூலைக்கு? அவள் குரல் எட்டுப்பத்து பஸ்ஸையே நிறுத்திய குரல்.

அடுத்த வாரத்தில் இருந்து அவள் முகம் சரியில்லை. "அத்தை எங்கிட்டப் பேசுறதில்லக்கா. ஆனா நான் சாப்புடுறப்ப என் வாயவே பாத்துக்கிட்டு இருக்காங்க. எந்திரிச்சா எந்திரிக்கிறாங்க, உக்காந்தா உக்கார்றாங்க. நேத்துத் தலகாணிக்கடியில கருக்கருவா இருந்துச்சு."

"இரும்பு வைக்கிறது வழக்கம்தான?"

"வழக்கம் ஆணி வைக்கிறதுக்கா. அருவா இல்ல."

அவள் கையைப் பிடித்தேன், ஜில்லென்று இருந்தது. மாமியாருக்கு என்னமோ தெரிந்துவிட்டது, மூன்றாவது தடவையும் பிள்ளை தங்காவிட்டால் தன்னை என்ன செய்வாரோ என்று அவளுக்கு நடுக்கம். சொர்ணத்தை நான் ஒரே ஒருமுறை கீரனூர்ச் சந்தையில் பார்த்திருக்கிறேன். சுள்ளி மாதிரி உடம்பு, சிரிக்காத முகம். கத்தரிக்காயைக்கூட முறைத்துப் பார்த்துத்தான் பொறுக்கினார்.

டப்பிங்கின் கடைசி நாள் ஓர் இடத்தில் தகராறு. ராணி முகம் திரை முழுக்க வருகிறது, உதடு அசைவது அப்படியே தெரிகிறது. 'எங்கள் குலம்' அந்த உதட்டுக்கு ஒட்டவில்லை. ஜெபக்குமார் எதை எதையோ எழுதிப் பார்த்தார், எதுவும் சேரவில்லை. பதினோராவது தடவை பிரகதி தானாகவே அந்தப் பழைய வசனத்தைச் சொல்லிவிட்டாளாம். 'நான் ரத்தக்காட்டேரிகளின் ராணி!' அச்சாகப் பொருந்தியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜெபக்குமார் கட்டைவிரலை உயர்த்தினாராம்.

அன்று மத்தியானம் மூன்று மணிக்கு, டியூட்டி முடிந்து நான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது, கீரனூர் பஸ் நிற்கிற இடத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, காலையில இருந்து புள்ள அசையல."

"ஆறு மாசத்துல அப்படித்தான் இருக்கும், சில நாள் தெரியாது" என்று சொன்னேன்.

"நான் பேரச் சொல்லிட்டேன்."

பஸ்ஸை விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து, என் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போனேன். அந்த இருபது நிமிடத்தில் நான் எத்தனை மரியாயே வாழ்க சொன்னேனோ தெரியாது. நர்ஸ் வயிற்றில் கருவியை வைத்தாள். கரகரவென்று வெறும் சத்தம். இன்னொரு பக்கம் வைத்தாள், அங்கேயும் வெறும் சத்தம். மூன்றாவது இடத்தில்தான் 'டக்டக்டக்' என்று கேட்டது. பிரகதி வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து அவள் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். பஸ்ஸில் கண்டக்டரிடம் சைகையில் டிக்கெட் வாங்குவாள்.

ஏழாம் மாதம் சொர்ணமே எனக்குப் போன் செய்தார். "பூசைக்கு நீயும் வரணும் தாயி. பெத்த புள்ள நெலச்ச பொம்பள அஞ்சு பேரு வேணும். என்னோட சேத்து நாலுதான் இருக்கு." எனக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டும் குத்துக்கல்லாக இருக்கின்றன. நான் வேதக்காரி என்றேன். "புள்ள பெத்தவதான?" என்றார். லீவு போட்டேன்.

செவ்வாய்க்கிழமை உச்சி வேளை. ஆண் பிள்ளைகள் யாரும் வரக் கூடாது. அவர்கள் வயலின் கடைசி வரப்பைத் தாண்டி, ஆவாரம் புதருக்கு நடுவே ஓர் ஒற்றைப் பனை. அதன் அடியில்தான் படையல். கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, முருங்கைக் கீரை, கொழுக்கட்டை. சமைத்ததை அங்கேயே தின்று தீர்க்க வேண்டும், ஒரு பருக்கை வீட்டுக்கு வரக் கூடாது. முடிந்ததும் வாய்க்காலில் கை கால் கழுவிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். வெயில் மண்டையைப் பிளந்தது. காற்றே இல்லை, ஆனாலும் பனை ஓலை உரசுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் கைப்பைக்குள் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வழக்கம் என்னவென்றால், வீட்டு மூத்தவள் பனையைப் பார்த்து மூன்று தடவை கேட்பாள்: விட்டுட்டுப் போறியா? மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற ஒருத்தி மூன்றாவது தடவை, 'போறேன்' என்பாள். அவ்வளவுதான். இத்தனை வருடமாக அப்படி ஒளிந்து பதில் சொன்ன சித்தி ஒருத்தி இடுப்பு ஒடிந்து திருப்பூரில் மகனோடு இருக்கிறாள். பின்னால் நிற்க யாரும் இல்லை.

"நான் வேணா நிக்கவாங்கம்மா?" என்று கேட்டேன்.

"ஆளு வேணாம்" என்றார் சொர்ணம். "வந்தவ வந்துட்டா. அவளே சொல்லுவா."

அவர் பனையைப் பார்க்கவில்லை. திரும்பி, மணையில் உட்கார்ந்திருந்த பிரகதிக்கு நேர் எதிரே வந்து நின்றார். அவர் உடம்பு முழுக்க ஆடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த அம்மாள் மருமகளைக் கரித்துக்கொட்டவில்லை. அவளைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்கிறார். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று, 'அது பிறக்கும் முன்பே எனக்குச் சொந்தம்' என்று மருமகள் வாயில் இருந்து வந்ததைக் கேட்டிருக்கிறார். கரடி அப்படிப் பேசாது என்பது அவருக்குத் தெரியும். காட்டேரி மருமகள் மேல் இறங்கிவிட்டாள் என்று முடிவு கட்டி, இரண்டு மாதமாக அவளோடு ஒரே வீட்டில், ஒருத்தரிடமும் சொல்லாமல், காவல் இருந்திருக்கிறார்.

"எம் மருமக மேல எறங்குனவளே" என்றார். செருமிக்கொண்டார். "எனக்கு மொதப் புள்ள மூணு நாள் இருந்துச்சு. ரெண்டாவது ஒம்போது நாள். ரெண்டும் ஒனக்குத்தான் போச்சு. நான் ஒன்னும் கேக்கல. மூணாவதாத்தான் ஆத்மநாதன விட்டு வச்ச. இந்த வயித்துல இருக்குறத விட்டுட்டுப் போறியா?"

பிரகதி கண் அகன்று மாமியாரையே பார்த்தாள்.

"விட்டுட்டுப் போறியா?"

மற்ற மூன்று பெண்களும் ஒருவரை ஒருவர் ஒட்டிக்கொண்டார்கள்.

சொர்ணம் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். வலது கையை நீட்டினார். நரம்பு புடைத்த, காய்ந்த கை. "ரத்தம்தான வேணும் ஒனக்கு? இந்தா, எங்கிட்ட எடுத்துக்க. எம்புட்டு வேணுமோ எடுத்துக்க. புள்ளைய விட்டுரு. விட்டுட்டுப் போறியா?"

மூன்றாவது தடவை கேட்டாயிற்று. பதில் வராமல் எழுந்தால் விடவில்லை என்று அர்த்தம். பிரகதி என்னைப் பார்த்தாள். நடந்ததெல்லாம் சினிமா என்று அவள் ஒப்புக்கொள்ளலாம். அப்படியென்றால் அந்தப் பெயரைச் சொன்னதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ராணியின் வசனத்தில் இதற்குப் பதில் இருந்தது, எனக்கும் தெரியும், பஸ்ஸில் அவள் முணுமுணுத்து நூறு தடவை கேட்டிருக்கிறேன்: 'வாக்குக் கொடுக்கும் வழக்கம் எங்கள் வம்சத்தில் இல்லை.' அதையா சொல்ல முடியும்? எழுதிக் கொடுக்காத ஒன்றை அவள் அந்தக் குரலில் பேசியதே இல்லை.

கண்ணை மூடிக்கொண்டாள். ராணியின் குரல் வந்தது. நட்ட நடு வெயிலில், அத்தனை பெரிதாக.

"போறேன். புள்ளையும் வேணாம். ஒங்க ரத்தமும் வேணாம்த்த. கையக் கீழ போடுங்கத்த. நான் போறேன்."

காட்டேரி சொர்ணத்தை அத்தை என்று கூப்பிட்டாள்.

நாங்கள் ஐந்து பேரும் கேட்டோம். ஒருவரும் சிரிக்கவில்லை. ராணி பேசுவதாக நினைத்துத்தான் ஆரம்பித்தாள். நீட்டிய அந்தக் கையைப் பார்த்ததும் மருமகளாகிவிட்டாள். சொர்ணத்தின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மெல்லக் கையை மடக்கிக்கொண்டு எழுந்து, "சாப்புடுங்க, மிச்சம் வைக்காதீங்க" என்றார். தின்றோம். கை கால் கழுவிக்கொண்டு வரிசையாக நடந்தோம், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் அருவாள் எடுக்கப்பட்டது. சொர்ணம் மருமகளோடு பேச ஆரம்பித்தார். பிரகதி பஸ்ஸில் வாய்விட்டு டிக்கெட் கேட்டாள். கண்டம் தாண்டியாயிற்று என்று நானும் நினைத்தேன்.

பிரசவம் எங்கள் ஆஸ்பத்திரியில்தான். காலை பதினொன்றரைக்குப் பெண் குழந்தை பிறந்தது, நன்றாக அழுதது. மாடியில் இருக்கிற பிரசவ வார்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து சீட்டில் உட்காரவில்லை, போன் அடித்தது. தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை, பி பாசிட்டிவ், இரண்டு யூனிட் உடனே வேண்டும்.

இருப்பு இருந்தது. எடுத்துப் பொருத்தம் பார்த்தேன். பதினாறு வருடமாகச் செய்கிற வேலை. அன்று லேபிளை மூன்று தடவை படித்தேன், மூன்று தடவையும் எழுத்து ஆடியது. ரத்தத்துக்குப் பயந்ததில்லை என்று சொன்னேனே, அது அன்றைய காலை வரைக்கும்தான். பை கையில் குளிர்ந்து கிடந்தது. எனக்கு அந்த ஒற்றைப் பனை ஞாபகம் வந்தது.

இரண்டு யூனிட்டும் மேலே போனது. அரை மணி நேரத்தில் இன்னும் ஒன்று கேட்டார்கள்.

அப்போது ஜன்னலில் சொர்ணம் வந்து நின்றார். ஆத்மநாதன் விராலிமலையில் இருந்து வந்துகொண்டிருந்தார், இன்னும் வந்து சேரவில்லை. தனியாகத்தான் நின்றார். ஜன்னலுக்குள் கையை விட்டார், அதே வலது கை.

"எடு தாயி."

"நீங்க உக்காருங்கம்மா. ரத்தம் இருக்கு. குடுத்துக்கிட்டுத்தான் இருக்கோம்."

"அந்த ரத்தம் இல்ல. அவளுக்குச் சொன்னது என் ரத்தம். நான்தான வாக்குக் குடுத்தேன்."

"அன்னைக்குத்தான் அவ வேணாம்னு சொல்லிட்டாள்ல. எல்லாரும் கேட்டமே."

சொர்ணம் என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணில் இருந்த பயத்தை நான் எந்த நோயாளியிடமும் பார்த்ததில்லை. "வேணாம்னு சொன்னது பிரகதி. அத்தைன்னு கூப்புட்டாளே, எனக்குத் தெரியாதா? பாவம், நான் கைய நீட்டவும் மனசு தாங்கல அவளுக்கு. அன்னைக்கே தெரியும். தெரிஞ்சும் எந்திரிச்சு வந்துட்டேன். அதான் தப்பு. கேட்டவ சொல்லல தாயி. கேட்டவ இன்னும் பதில் சொல்லவே இல்ல. இப்ப வந்து புள்ளைய விட்டுட்டு, பெத்தவகிட்ட எடுக்குறா. எங்கிட்ட எடுத்துக்கச் சொல்லு."

நான் நம்புகிறவள் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் என் கை ஜெபமாலையைத் தேடியது. மேலே பிரகதி கிடக்கிறாள், மணி ஒன்றாகப் போகிறது, உச்சி வெயில். இந்த அம்மாளிடம் என்ன விளக்கம் சொல்வது?

உள்ளே கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தேன். எங்களிடம் விதி உண்டு. யாரிடமும் ரத்தம் எடுப்பதற்கு முன் ஒரு டியூப் எடுத்துச் சோதிக்க வேண்டும். பட்டையைக் கட்டி ஊசியைக் குத்தினேன். அவர் கண்ணை மூடவில்லை. டியூபில் ஏறுகிற ரத்தத்தையே பார்த்தார். மூன்று மில்லி. ஊசியை உருவி, பஞ்சை வைத்துவிட்டு, டியூபை மெஷினில் வைத்து ஹீமோகுளோபின் பார்த்தேன். பன்னிரண்டரை இருக்க வேண்டியது ஒன்பதுதான் இருந்தது. இவரிடம் ஒரு சொட்டு எடுக்கக் கூடாது, இவருக்கே ரத்தம் காணாது. அந்த உடம்பை வைத்துக்கொண்டுதான் எம்புட்டு வேணுமோ எடுத்துக்க என்று கையை நீட்டியிருக்கிறார்.

ஒன்பது என்று சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். உன் ரத்தம் ஆகாது என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்?

திரும்பி வந்து பஞ்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டினேன். "எடுத்தாச்சும்மா" என்றேன்.

"இம்புட்டுத்தானா?"

"போதும்னுட்டா."

சொர்ணம் என் மணிக்கட்டைப் பிடித்தார். "யாரு?"

"கேட்டவ."

"ஒன்னைய என்னன்னு கூப்புட்டா?"

ஒரு மருமகளின் பாசத்தில் ஒருமுறை ஏமாந்தவர், இரண்டாவது தடவை சோதித்துப் பார்க்கிறார். அக்கா என்றோ தாயி என்றோ சொன்னால் முடிந்தது.

"ஒன்னும் கூப்புடலம்மா. போதும்னு மட்டும் சொன்னா. ஒரே வார்த்த."

அவர் என் முகத்தை வெகு நேரம் பார்த்தார். நானும் கண்ணை எடுக்கவில்லை. பிறகு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பஞ்சு வைத்த கையை இன்னொரு கையால் பிடித்தபடி, "அப்பச் சரி" என்றார்.

ஒன்றே முக்காலுக்கு ரத்தப்போக்கு கட்டுக்குள் வந்துவிட்டதாக மேலே இருந்து போன் வந்தது. மூன்று டாக்டர்களும், மருந்தும், முன்பின் தெரியாத யார் யாரோ கொடுத்த மூன்று யூனிட் ரத்தமும் செய்த வேலை அது. எனக்குத் தெரியும். போனை வைத்துவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதேன்.

குழந்தைக்குச் சுடர்விழி என்று பெயர் வைத்தார்கள். இப்போது எட்டு மாதம். தாயின் தொண்டை அப்படியே வந்திருக்கிறது. அழுதால் தெரு திரும்பிப் பார்க்கிறது. சொர்ணம் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறார், நான்தான் வாரம் ஒருமுறை அதட்டிச் சாப்பிடவைக்கிறேன். போன மாதம் அந்த இரண்டாம் பாகம் டிவியில் வந்தது. ராணி திரை முழுக்க நின்று தன் பெயரைச் சொன்னபோது பிரகதிக்கு மூச்சே நின்றுவிட்டதாம். சொர்ணம் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு கொட்டாவி விட்டிருக்கிறார். "இவ யாரோ. ரொம்பத்தான் கத்துறா. நம்ம வீட்டுக்கு வந்தவ ஒத்த வார்த்ததான் சொன்னா" என்றாராம். பிரகதி என்னிடம் அதற்கு அர்த்தம் கேட்டாள். தெரியாது என்றேன்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று பாக்கி இருக்கிறது. அன்று டியூட்டி முடிகிற நேரம், சொர்ணத்தின் அந்த மூன்று மில்லி டியூப் ஸ்டாண்டிலேயே நின்றது. விதிப்படி அதைக் கழிவுப் பெட்டியில் போட வேண்டும், போட்டேன். ஆனால் போடும்போது, "இம்புட்டுத்தான் இருக்கு, எடுத்துக்க" என்று என் வாய் சொல்லியது. நான் சொல்ல நினைக்கவில்லை. தொட்டியில் கையையும் காலையும் கழுவினேன். ஜெபமாலையை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு கீரனூர் பஸ்ஸுக்கு நடந்தேன். பஸ் ஏறுகிற வரைக்கும் நான் திரும்பிப் பார்க்கவில்லை.